அட்டையில் 'பெஸ்ட் செல்லர்' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆங்கிலப் புத்தகங்களின் அட்டையில் 'நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட் செல்லர்' என்று போட்டிருக்கிறார்களே, எத்தனை பிரதி விற்றால் அப்படிப் போடலாம்? யார் எண்ணுகிறார்கள்? பட்டியலில் வந்த எழுத்தாளர் பணக்காரர் ஆகிவிடுவாரா? அதை நம்பிப் புத்தகம் வாங்கலாமா?"

நான் ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தில் மொழிபெயர்ப்பு நூல்களைப் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டு உரிமை முகவர்கள் அனுப்புகிற மின்னஞ்சல்களில் முதல் வரியே பெரும்பாலும் இந்தச் சொல்தான். தமிழில் கொண்டுவர ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் மொழிபெயர்ப்பாளரின் ஒரு வருட உழைப்பும் எங்கள் கையிருப்பும் அதில் போய்விடும். அதனால் அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இத்தனை பிரதி என்று ஓர் அளவு கிடையாது. நியூயார்க் டைம்ஸ் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், எத்தனை வாரமாக இடம்பெறுகிறது என்பதெல்லாம் இருக்கும். எத்தனை பிரதி விற்றது என்று மட்டும் இருக்காது. அந்த வாரம் மற்ற புத்தகங்கள் எப்படிப் போயின என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். ஒரு வாரத்தில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் பிரதி வரை விற்றால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மந்தமான வாரத்தில் அதற்கும் குறைவாக விற்றது உள்ளே வரும். பண்டிகைக் காலத்துக்கு முந்தைய வாரங்களில் அதைவிட அதிகம் விற்றதும் வெளியே நிற்கும்.

அப்புறம், ஒரு வாரம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஞாயிறு முதல் சனி வரை விற்றதுதான் கணக்கு. அமெரிக்காவில் புதுப் புத்தகங்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை வெளியாகும். ஆக, முதல் வாரம் என்பது ஐந்தே நாள்தான். முன்பதிவில் வாங்கியவையும் அந்த முதல் வாரத்தோடு சேரும். 'தயவுசெய்து முன்பதிவு செய்யுங்கள்' என்று எழுத்தாளர்கள் மூன்று மாதம் முன்பிருந்தே மன்றாடுவது இதனால்தான். ஒரே வாரத்தில் 8,000 பிரதி விற்று அத்தோடு நின்றுபோன புத்தகம் பட்டியலில் ஏறிவிடும். வாரத்துக்கு 500 வீதம் பத்து வருடம் விற்ற புத்தகம் இரண்டரை லட்சம் பிரதியைத் தாண்டியிருந்தாலும் அந்தப் பட்டியல் பக்கமே வந்திருக்காது. அளக்கப்படுவது வேகம். நீங்கள் அட்டையைப் பார்த்துப் புரிந்துகொள்வது மொத்த விற்பனை. குழப்பம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

யார் எண்ணுகிறார்கள் என்பது இன்னும் சுவாரசியமான கேள்வி. அமெரிக்காவில் இப்படிப் பட்டியல் போடும் பழக்கத்தை 1895இல் 'தி புக்மேன்' என்ற இதழ் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸ் 1931 அக்டோபரில் வந்து சேர்ந்தது. அப்போது ஐந்து புனைவு, நான்கு அபுனைவு (கதை அல்லாத நூல்கள்), அதுவும் நியூயார்க் நகரக் கணக்கு மட்டும். நாடு தழுவிய பட்டியல் 1942இல் வந்தது. இன்றைக்கும் அந்தப் பத்திரிகை நாட்டில் விற்கும் எல்லாப் பிரதிகளையும் எண்ணுவதில்லை. தான் தேர்ந்தெடுத்த கடைகளிலிருந்து கணக்கு வாங்குகிறது. பெரிய சங்கிலிக் கடைகளும் இருக்கும், சின்னத் தனிக் கடைகளும் இருக்கும். எந்தக் கடைகள் என்பதையும், ஒவ்வொன்றின் கணக்குக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பதையும் வெளியே சொல்வதில்லை. தெரிந்தால் அந்தக் கடைகளில் மட்டும் போய் வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்பதுதான் காரணம். அந்தப் பயத்துக்கு நல்ல ஆதாரம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் வேறு முறை. அங்கே சண்டே டைம்ஸ் பட்டியல், கடைகளின் விற்பனையைத் திரட்டும் நீல்சன் புக்ஸ்கேன் என்ற ஏற்பாடு தரும் எண்களை வைத்துப் போடப்படுகிறது. கல்லாவில் பார்கோடு 'பீப்' அடித்தால் அது கணக்கில் ஏறும். அமெரிக்காவிலும் 2001 முதல் புக்ஸ்கேன் உண்டு, ஆனால் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய வழியிலேயே போகிறது.

இந்த வித்தியாசம் ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. 'தி எக்ஸார்சிஸ்ட்' எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி 1983இல் 'லீஜியன்' என்ற நாவலை வெளியிட்டார். அது நன்றாக விற்றும் பட்டியலில் உரிய இடம் தரவில்லை, அதனால் தனக்கு நஷ்டம் என்று 60 லட்சம் டாலர் கேட்டு டைம்ஸ் மீது வழக்குப் போட்டார். டைம்ஸ் தரப்பு சொன்ன பதிலை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன்: இந்தப் பட்டியல் வெறும் கணிதக் கணக்கு கிடையாது, இது ஆசிரியர் குழு தயாரிக்கும் உள்ளடக்கம், ஆகவே பேச்சுரிமையின் பாதுகாப்பு இதற்கு உண்டு. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1986இல் டைம்ஸ் பக்கம் நின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, அந்தப் பத்திரிகையே தன் பட்டியலை ஒரு தலையங்கத்தைப் போல, தன் தீர்மானத்தில் உருவான பக்கமாகத்தான் பார்க்கிறது. நாம்தான் அதைத் தேர்வு முடிவு மாதிரி படிக்கிறோம்.

தீர்மானம் என்று சொன்னேன் இல்லையா, அது எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று பாருங்கள். பாடப்புத்தகங்கள், தேர்வு வழிகாட்டிகள், அகராதி போன்ற நோக்கு நூல்கள், குறுக்கெழுத்துப் புத்தகங்கள் எதுவும் எண்ணப்படுவதில்லை. ஆண்டாண்டாக நின்று விற்கும் பழைய நூல்களும் சேராது. ஒரே ஒரு விற்பனைத் தளத்தில் மட்டும் கிடைக்கும் மின்னூல்களும் கணக்கில் வராது. இந்தக் கடைசி விதி, அமேசான் கிண்டிலில் மட்டும் எழுதி வாழ்கிற எத்தனையோ பேரை மொத்தமாக வெளியே நிறுத்திவிடுகிறது.

பட்டியலை உடைப்பதும் நடக்கும். அறிவுரை நூல்களும் சமையல் குறிப்புகளும் அபுனைவை அடைத்துக்கொண்டதால் 1984இல் அவற்றுக்குத் தனி வரிசை போட்டார்கள். 2000இல் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஹாரி பாட்டரின் முதல் மூன்று நூல்களும் பல மாதங்களாகப் புனைவுப் பட்டியலின் மேல்படிகளில் உட்கார்ந்திருந்தன. நான்காவது வரப் போகிறது. பெரியவர்களுக்கு எழுதுகிறவர்களின் பதிப்பாளர்கள் இடமில்லை என்று புலம்பினார்கள். அந்த ஜூலை மாதம் சிறார் நூல்களுக்கென்று தனிப் பட்டியல் பிறந்தது. அது தவறு என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது, சிறார் இலக்கியத்துக்கும் ஒரு பலகை கிடைத்தது. ஆனால் ஒரு வாரம் பட்டியலில் இருந்த புத்தகம் அடுத்த வாரம் அதில் இல்லாமல் போனதற்கு விற்பனை குறைந்தது காரணம் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

இனி அந்தப் பயத்துக்கான ஆதாரம். 1995இல் 'தி டிசிப்ளின் ஆஃப் மார்க்கெட் லீடர்ஸ்' என்ற நிர்வாக நூலைப் பற்றி பிசினஸ்வீக் இதழ் ஒரு புலனாய்வுக் கட்டுரை போட்டது. ஆசிரியர்களும் அவர்கள் சார்ந்த ஆலோசனை நிறுவனமும் பல ஊர்க் கடைகளில் பரவலாக, பல்லாயிரக்கணக்கில் அந்த நூலை வாங்கியதாக அதில் இருந்தது. ஆசிரியர்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்று மறுத்தார்கள். நூல் பட்டியலில் 15 வாரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் குத்துவாள் மாதிரி ஒரு சின்னக் குறியை டைம்ஸ் போடத் தொடங்கியது. நூலின் பெயருக்குப் பக்கத்தில் அது இருந்தால், சில கடைகள் மொத்தக் கொள்முதல் நடந்ததாகத் தெரிவித்திருக்கின்றன என்று பொருள். அரசியல்வாதிகளின் சுயசரிதைகளிலும் தொழிலதிபர்களின் நூல்களிலும் அந்தக் குறியை அடிக்கடி பார்க்கலாம். அட்டையில் அந்தக் குறி அச்சாவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2017 ஆகஸ்டில் நடந்தது இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடிந்த சம்பவம். இளையோர் நூல் பட்டியலில் மாதக்கணக்காக ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' முன்னணியில் இருந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நண்பனை இழக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை, பள்ளிப் பிள்ளைகள் கையிலிருந்து கைக்கு மாறிய நாவல். திடீரென்று ஒரு வாரம் 'ஹேண்ட்புக் ஃபார் மார்ட்டல்ஸ்' என்ற, யாரும் கேள்விப்படாத புத்தகம் முதலிடத்தில் வந்து நின்றது. இளையோர் இலக்கிய உலகில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஃபில் ஸ்டாம்பர் என்ற எழுத்தாளர், 'இதைப் படித்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லையே' என்கிற சந்தேகத்தில் ட்விட்டரில் கேள்வியைக் கிளப்பினார். கடைகளில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைக்கு ஒரு போன் வந்திருக்கிறது. முதல் கேள்வி, 'உங்கள் கடை நியூயார்க் டைம்ஸுக்குக் கணக்குக் கொடுக்கும் கடையா?' ஆமாம் என்றதும் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய ஆர்டர், ஆனால் மொத்தக் கொள்முதல் என்று குறிக்கப்படும் அளவுக்குச் சற்றுக் கீழே. விழாக்களில் விற்க வாங்கியவை அவை என்று ஆசிரியர் தரப்பு விளக்கம் சொன்னது. டைம்ஸ் தன் கணக்கை மறுபடி பார்த்து, ஒரே நாளில் அந்த நூலை நீக்கித் திருத்திய பட்டியலை வெளியிட்டது. ஆஞ்சி தாமஸின் நாவல் மீண்டும் முதலிடம். கண்டுபிடித்தது வாசகர்களும் கடை ஊழியர்களும் என்பது எனக்கு இன்றும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கையில் புத்தகம் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்களுக்குத்தான் அது உறுத்தியது.

அமேசான் 'பெஸ்ட் செல்லர்' பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. அது மணிக்கணக்கில் மாறுகிற பட்டியல், ஆயிரக்கணக்கான உட்பிரிவுகள் கொண்டது. பிரெண்ட் அண்டர்வுட் என்பவர் 2016இல் தன் பாதத்தைப் படம் எடுத்து அதை ஒரு மின்னூலாக ஏற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் உட்பிரிவில் போட்டு, மூன்றே பிரதி விற்று 'முதலிடம்' வாங்கிக் காட்டினார். யாராவது தன்னை 'அமேசான் பெஸ்ட் செல்லர்' என்று அறிமுகம் செய்துகொண்டால், எந்தப் பிரிவில், எத்தனை நாள் என்று கேளுங்கள். நேர்மையாகச் சாதித்தவர்கள் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

சரி, எழுத்தாளருக்கு என்ன கிடைக்கிறது? அலன் சோரன்சன் என்ற பொருளாதார அறிஞர் 2001, 2002 ஆண்டுகளின் கெட்டி அட்டைப் புனைவு நூல்களை எடுத்து ஆராய்ந்தார். பட்டியலில் வருவதே விற்பனையை எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் அவர் கேள்வி. சராசரியாகப் பார்த்தால் 13, 14 சதவீதம்தான். புதிய எழுத்தாளர் என்றால் 57 சதவீதம் வரை கூடுகிறது. ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இது நியாயமாகவே படுகிறது. பிரபலமானவரின் நாவல் வந்துவிட்டது என்பது அவருடைய வாசகர்களுக்குத் தெரியும். முதல் நாவல் எழுதியவரின் பெயர் அந்தப் பக்கத்தில்தான் முதல்முறையாகப் பலர் கண்ணில் படுகிறது.

பணத்தை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 28 டாலர் விலையுள்ள கெட்டி அட்டைப் புத்தகம். அமெரிக்காவில் வழக்கமான ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியருக்குச் சேரும் பங்கு, முதல் 5,000 பிரதிக்கு 10 சதவீதம், அடுத்த 5,000க்கு பன்னிரண்டரை, அதற்குமேல் 15. பதிப்பகம் முன்பணமாக 50,000 டாலர் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். ராயல்டி முதலில் அந்த முன்பணத்தில்தான் கழியும்: முதல் 5,000 பிரதிக்கு 14,000 டாலர், அடுத்த 5,000க்கு 17,500 டாலர். மீதியும் கழிந்து முடிய ஏறத்தாழ 14,400 பிரதி விற்றாக வேண்டும். அதுவரை ஆசிரியருக்கு ராயல்டியாக ஒரு டாலர்கூடப் புதிதாக வராது. முன்பணத்திலும் 15 சதவீதம் முகவருக்கு, அப்புறம் வரி. அந்த 50,000ஐயும் ஒரே நாளில் தர மாட்டார்கள், தவணையாகத்தான் தருவார்கள். ஒரு வாரம் 7,000 பிரதி விற்றுப் பட்டியலில் ஏறி, பிறகு மெல்ல அடங்கிவிட்ட புத்தகத்தின் ஆசிரியர் வேலையை விட முடியாது.

பாட்ரிக் வென்சிங்க் என்ற எழுத்தாளர் தன் கணக்கை வெளிப்படையாகவே எழுதினார். 2012இல் அவருடைய நாவலின் அட்டை ஜாக் டேனியல்ஸ் விஸ்கி லேபிளைப் போல இருந்தது. நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, ஆனால் மிக மரியாதையாக, மறுபதிப்பில் அட்டையை மாற்றுங்கள் என்று கேட்டு. அந்தக் கடிதம் இணையம் முழுக்கப் பரவியது. சிறு பதிப்பகத்தின் அந்த நாவல் அமேசானின் ஒட்டுமொத்த வரிசையில் ஆறாம் இடம் வரை போனது. ஊரே அவர் லட்சாதிபதி ஆகிவிட்டதாக நினைத்தது. விற்றது ஏறத்தாழ 4,000 பிரதி, கைக்கு வந்தது 12,000 டாலர் என்று மறு வருடம் ஒரு கட்டுரையில் எழுதினார். படித்தபோது, எங்கள் எழுத்தாளர்களிடம் காட்ட வேண்டும் என்று உடனே எடுத்து வைத்துக்கொண்டேன். உழைத்து எழுதிய மனிதர் தன் வருமானத்தைக் கூச்சமில்லாமல் சொல்வது மற்றவர்களுக்குப் பெரிய உதவி.

அப்படியானால் பட்டியலால் பயனே இல்லையா என்றால், உண்டு. கடையின் முன்மேசையில் இடம் கிடைக்கும், தள்ளுபடி விலையில் அடுக்குவார்கள், விமான நிலையக் கடைகளுக்குப் போகும். சில ஒப்பந்தங்களில் பட்டியலில் வந்தால் தனித் தொகை என்றே ஒரு ஷரத்து இருக்கும். எல்லாவற்றையும்விட, அந்த அடைமொழி எழுத்தாளரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த புத்தகத்தின் முன்பணம் கூடும். மொழிபெயர்ப்பு உரிமை விலையும் கூடும். அதை நாங்கள் நேராகவே உணர்கிறோம்.

ஆனால் பட்டியலில் இல்லாதது தோற்றுவிட்டது என்று யாராவது எண்ணினால் எனக்கு வருத்தமாக இருக்கும். 1925இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற நாவல் எது தெரியுமா? ஏ. ஹாமில்டன் கிப்ஸ் எழுதிய 'சவுண்டிங்ஸ்'. அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'. முதல் அச்சு 20,000க்குச் சற்று மேல், இரண்டாவது 3,000. அந்த இரண்டாம் அச்சிலேயே 1940இல் அவர் இறந்தபோது பிரதிகள் கிடங்கில் மிச்சம் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் வீரர்களுக்கு இலவசமாக அனுப்பிய பாக்கெட் பதிப்புகளில் இதுவும் சேர்ந்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. பிறகு அது உலகம் முழுக்க வாசிக்கப்படும் நாவலாகிவிட்டது. ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டோனர்' 1965இல் வந்தபோது 2,000 பிரதிகூட விற்கவில்லை. 1994இல் அவர் காலமானார். 2011இல் எழுத்தாளர் அன்னா கவால்டா பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த பிறகு ஐரோப்பா முழுக்க அதைப் பேசினார்கள், 2013இல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகள் அதை அந்த ஆண்டின் புத்தகமாகத் தேர்ந்தெடுத்தன. ஒரு மொழிபெயர்ப்பு அதைச் செய்தது என்பதால் எனக்கு அந்த நாவல் மீது தனிப் பிரியம்.

தமிழுக்கு இப்படி நம்பத்தக்க பட்டியல் கிடையாது. எல்லாக் கடைகளின் கணக்கையும் ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. நாம் எல்லோரும் மலை போல் விற்கிறது என்று சொல்லும் 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் எத்தனையோ பதிப்பகங்கள் அதைப் போடுகின்றன. மொத்தம் எத்தனை பிரதி என்று கூட்டிச் சொல்ல ஆளில்லை. சென்னைப் புத்தகக் காட்சியின்போது வெளியாகும் 'அதிகம் விற்றவை' வரிசைகள் அந்தந்த அரங்கில் கேட்டு எழுதியவை. ஒரு வருடம் எங்கள் அரங்கில் நானே பில் போட உட்கார்ந்திருந்தேன். கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் நாலு கோடும் குறுக்கே ஒன்றுமாக ஐந்தைந்தாகக் குறித்துக்கொண்டே வந்தோம். பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் குறிக்கவே முடியவில்லை. அன்று மாலை நிருபர் வந்து முதல் ஐந்து எது என்று கேட்டபோது, நோட்டையும் நினைவையும் சேர்த்துத்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருக்கலாம்.

நம் ஊரில் 1,000 பிரதி அச்சிட்டு இரண்டு வருடத்தில் விற்றாலே நல்ல விற்பனை. 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்றால் ஆசிரியருக்கு 20,000 ரூபாய். இப்போது தேவைக்கேற்ப நூறு, இருநூறாக அச்சிடும் வசதி வந்துவிட்டது. அதனால் 'ஐந்தாம் பதிப்பு' என்று பார்த்தவுடன் ஐயாயிரம் என்று கணக்குப் போட முடியாது. பழைய தமிழ்ப் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் 'படிகள்: 1200' என்று நேர்மையாகப் போட்டிருப்பார்கள். அந்த வழக்கத்தை நாங்கள் எல்லோரும் மறுபடி கொண்டுவர வேண்டும் என்று பதிப்பாளர்கள் கூடும் இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிக் கேள்வி, நம்பி வாங்கலாமா என்பது. நான் செய்வதைச் சொல்கிறேன். அட்டையில் உள்ள அந்த வரியைப் படித்துவிட்டு ஒதுக்கி வைப்பேன். எங்கேயாவது முப்பது பக்கம் படிப்பேன், நடுவிலிருந்து. பிறகு உள்ளே பதிப்புரிமைப் பக்கத்துக்குப் போவேன். அமெரிக்க நூல் என்றால் அடியில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று பெரும்பாலும் ஓர் எண் வரிசை இருக்கும். ஒவ்வொரு முறை மறுஅச்சு ஆகும்போதும் மிகச் சிறிய எண்ணை எடுத்துவிடுவார்கள். அங்கே மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண் 1 என்றால், கையில் இருப்பது முதல் அச்சு. 23 என்று இருந்தால் அந்தப் புத்தகத்தை 23 தடவை அச்சுக்கு அனுப்பும்படி வாசகர்கள் தொடர்ந்து கேட்டிருக்கிறார்கள். முகவர்களின் மின்னஞ்சலுக்கு நான் எழுதும் முதல் பதிலும் அதுதான்: இப்போது எத்தனையாவது அச்சு ஓடுகிறது, நூல் வந்து எத்தனை வருடம் ஆகிறது?